ஆங்கில ஒப்பீட்டுத் தொடர்களை டச்சு மொழியில் பெயர்த்தல்

ஒரு பொருளை மற்றொரு பொருளோடு ஒப்பிட்டு, இரண்டும் சமம் என்றோ ஒன்று கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்லும் தொடர்கள் ஒப்பீட்டுத் தொடர்கள் எனப்படும். ஆங்கிலத்தில் ‘ஆஸ் பிக் ஆஸ்’ (அதே அளவு பெரிய), ‘பிக்கர் தேன்’ (அதைவிடப் பெரிய), ‘த சூனர் த பெட்டர்’ (எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது) ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். அன்றாடப் பேச்சிலும் செய்தியிலும் விளம்பரத்திலும் இவை மிகுதியாக வருவதால், ஆங்கிலம் வழியாக டச்சு கற்போர் முதலில் பெயர்க்க முயலும் தொடர்களுள் இவையும் அடங்கும்.

டச்சு, ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய மொழி. இரண்டும் மேற்கு செருமானிய மொழிகள். அதனால் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே போதும் என்று தோன்றும். பல இடங்களில் அது சரியாகவும் அமைகிறது. சரியாக அமையாத இடங்களில்தான் சிக்கல். அங்கே வாக்கியம் பெரும்பாலும் பிழையாகத் தெரியாது. ஆனால் பொருள் மாறிப்போயிருக்கும். நோயாளி தேறி வருகிறார் என்பது முழுக்கக் குணமாகிவிட்டார் என்று ஆகலாம். எனவே ஆங்கிலச் சொல்லைப் பார்க்காமல், அந்தத் தொடர் எந்த உறவைக் குறிக்கிறது என்பதை முதலில் கண்டுகொள்வதே இவ்வகைப் பெயர்ப்பின் அடிப்படை.

ஒலிபெயர்ப்புக் குறிப்பு

டச்சு மொழி நெதர்லாந்திலும், பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்சிலும், தென் அமெரிக்காவின் சூரினாமிலும் வழங்குகிறது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 1980-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அமைந்த டச்சு மொழி ஒன்றியம், எழுத்து முறையையும் மொழி வழிகாட்டலையும் கவனித்துவருகிறது.

இக்கட்டுரையில் டச்சுச் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. தொண்டையில் உராய்ந்து எழும் டச்சு ஒலி இங்கே ககரத்தால் குறிக்கப்படுகிறது. ‘க்ரோட்’ (பெரிய) என்ற சொல்லின் முதல் ஒலி அத்தகையது. ஸகரம் பல சொற்களில் அதிர்வுடன் ஒலிக்கும். சரியான ஒலிப்பை ஒலிப்பதிவுகளைக் கேட்டே அறிய வேண்டும்.

சமநிலை ஒப்பீடு

இரண்டு பொருள்கள் ஒரு பண்பில் சமமாக இருப்பதைச் சொல்ல ஆங்கிலம் ‘ஆஸ் … ஆஸ்’ என்ற இணையைப் பயன்படுத்துகிறது. டச்சில் இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

- ஏவன் … அல்ஸ்: ‘யான் இஸ் ஏவன் க்ரோட் அல்ஸ் பீட்’ (யானும் பீட்டும் ஒரே உயரம்).
- நெட் ஸோ … அல்ஸ்: இதே பொருள், பேச்சு வழக்கில் மிகுதி.
- ஸோ … அல்ஸ்: எதிர்மறையிலும் உவமைத் தொடர்களிலும் பெரிதும் வரும். ‘யான் இஸ் நீட் ஸோ க்ரோட் அல்ஸ் பீட்’ (யான் பீட் அளவுக்கு உயரமில்லை).

மூன்றிலும் இரண்டாம் உறுப்பு ‘அல்ஸ்’ என்பதே. இதை நினைவில் கொண்டால் பின்னால் வரும் பெரிய சிக்கல் ஒன்று எளிதாகும்.

இங்கே ஒரு போலி நண்பனும் உண்டு. டச்சு ‘ஏவன்’ எழுத்தில் ஆங்கில ‘ஈவன்’ போலவே இருக்கும். ஆங்கிலத்தில் ‘ஈவன் பிக்கர்’ என்றால் ‘இன்னும் பெரிய’ என்று பொருள். டச்சில் ‘ஏவன் க்ரோட்’ என்றால் ‘அதே அளவு பெரிய’. எனவே ‘ஈவன் பிக்கர் தேன்’ என்பதை ‘நொக் க்ரோட்டர் டான்’ என்றே பெயர்க்க வேண்டும். ‘நொக்’ என்பது ‘இன்னும்’.

ஆங்கிலத்தில் ‘ஆஸ் … ஆஸ்’ வடிவில் இருந்தும் உண்மையில் ஒப்பீடு அல்லாத தொடர்கள் பல. இவற்றுக்கு டச்சில் தனிச் சொற்கள் உள்ளன.

- ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள் (இயன்ற அளவு விரைவாக): ஸோ ஸ்னெல் மோகலெக். இங்கே ‘அல்ஸ்’ வருவதில்லை.
- ஆஸ் சூன் ஆஸ் (செய்தவுடன்): ஸோட்ரா.
- ஆஸ் லாங் ஆஸ் (இருக்கும்வரை): ஸோலாங்.
- ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ (எனக்குத் தெரிந்தவரை): வோர் ஸோவெர் இக் வேட்.
- ஆஸ் வெல் ஆஸ் (அதுவும் இதுவும்): ஸோவெல் … அல்ஸ்.

‘அல்ஸ்’ என்ற சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. ‘ஹை வெர்க்ட் அல்ஸ் ஆர்ட்ஸ்’ என்றால் அவர் மருத்துவராகப் பணிபுரிகிறார். மருத்துவரைப் போல நடந்துகொள்கிறார் என்று சொல்ல ‘ஸோஅல்ஸ்’ அல்லது ‘நெட் அல்ஸ்’ வேண்டும். தமிழில் ‘ஆக’ என்பதற்கும் ‘போல’ என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. ஆங்கிலத்தில் ‘ஆஸ்’, ‘லைக்’ ஆகிய சொற்களைக் கலந்து பேசுவோர் டச்சில் இங்கே தடுமாறுவர்.

உயர்வுநிலை ஒப்பீடு

தமிழில் ஒப்பீட்டுக்காகப் பெயரடை மாறுவதில்லை. ‘பெரிய’ என்பது ‘அதைவிடப் பெரிய’ என்னும்போதும் ‘பெரிய’ என்றே நிற்கிறது. ‘விட’, ‘காட்டிலும்’ ஆகிய சொற்கள் ஒப்பீட்டைக் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் குறுஞ்சொற்கள் ‘அர்’ விகுதி பெறும். நெடுஞ்சொற்களின் முன் ‘மோர்’ வரும். டச்சில் சொல் எவ்வளவு நீளமானாலும் பொதுவாக விகுதியே வரும்.

- க்ரோட் (பெரிய) – க்ரோட்டர்
- க்ளைன் (சிறிய) – க்ளைனர்
- இன்டெரெசன்ட் (சுவையான, ஆர்வமூட்டும்) – இன்டெரெசன்டர்
- பெலாங்ரைக் (முக்கியமான) – பெலாங்ரைக்கர்

‘மோர் இம்ப்பார்ட்டன்ட்’ என்பதை ‘மேர் பெலாங்ரைக்’ என்று எழுதுவது ஆங்கில வழி கற்போரின் வழக்கமான பிழை. ‘பெலாங்ரைக்கர்’ என்ற ஒரே சொல் போதும். ‘பெரைட்’ (இசைவுள்ள) போன்ற சில சொற்களுக்கு மட்டும் ‘மேர்’ இயல்பாக வரும்.

ரகர ஒலியில் முடியும் சொற்களில் விகுதிக்கு முன் டகரம் தோன்றும்: ட்யூர் (விலை உயர்ந்த) – ட்யூர்டர், லெக்கர் (சுவைமிக்க) – லெக்கர்டர், வெர் (தொலைவான) – வெர்டர். முற்றிலும் மாறும் சொற்கள் நான்கு: கூட் (நல்ல) – பேட்டர் – பெஸ்ட், வேல் (பல) – மேர் – மேஸ்ட், வேனிக் (சில) – மின்டர் – மின்ஸ்ட், க்ராக் (விருப்பத்துடன்) – லீவர் – லீஃப்ஸ்ட்.

நான்காவது சொல் தனிக் கவனத்துக்குரியது. ஆங்கிலத்தில் ‘காபியைவிடத் தேநீரே எனக்குப் பிடிக்கும்’ என்று சொல்லப் பயன்படும் ‘ப்ரிஃபர்’ ஒரு வினைச்சொல். டச்சில் அதே கருத்து ஓர் ஒப்பீடாகவே அமைகிறது: ‘இக் ட்ரிங்க் லீவர் டே டான் கோஃபி’. சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘நான் காபியைவிடக் கூடுதல் விருப்பத்துடன் தேநீர் குடிக்கிறேன்’ என்பதாகும். ‘ராதர் தேன்’ என்ற ஆங்கிலத் தொடரும் பெரும்பாலும் ‘லீவர் … டான்’ என்றே பெயரும். விருப்பம் அல்லாமல் பொருத்தத்தைச் சொல்லும்போது ‘ஏர்டர் … டான்’ வரும். ஒருவர் களைத்திருக்கவில்லை, சோம்பல்தான் படுகிறார் என்பதை ‘ஹை இஸ் ஏர்டர் லவ் டான் மூ’ எனலாம்.

‘மோர்’ எப்போது ஒப்பீடு அல்ல

ஆங்கில ‘மோர்’ இரண்டு வேலைகள் செய்கிறது. ஒன்று, ஒப்பீடு: அதைவிட அதிகம். மற்றொன்று, கூடுதல்: இன்னும் கொஞ்சம். டச்சு இவ்விரண்டையும் பிரித்துவைக்கிறது. ஒப்பீட்டுக்கு ‘மேர்’, கூடுதலுக்கு ‘நொக்’. ‘ஒன் மோர்’ (இன்னொன்று) என்பது ‘நொக் ஏன்’. ‘டூ மோர் டேஸ்’ (இன்னும் இரண்டு நாள்) என்பது ‘நொக் ட்வே டாகன்’. ‘அதைவிட இரண்டு நாள் அதிகம்’ என்றால்தான் ‘ட்வே டாகன் மேர் டான்’. தமிழிலும் ‘இன்னும்’, ‘அதிகம்’ என்ற பிரிவு உள்ளதால், தமிழில் நினைத்துப் பார்த்தால் சரியான டச்சுச் சொல் கிடைத்துவிடும்.

எதிர்மறையோடு சேரும்போது ‘மேர்’ காலத்தைக் குறிக்கும். ‘ஹை வெர்க்ட் நீட் மேர்’ என்றால் அவர் அதிகமாக வேலை செய்வதில்லை என்பதல்ல. அவர் இப்போது வேலை செய்வதே இல்லை என்பது.

‘பெட்டர்’ என்ற சொல்லிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. ஆங்கிலத்தில் நோயாளியைப் பற்றி ‘ஹி இஸ் பெட்டர்’ என்றால் முன்பைவிடத் தேவலை என்று கொள்ளலாம். டச்சில் ‘ஹை இஸ் பேட்டர்’ என்றால் அவர் குணமாகிவிட்டார் என்பதே முதலில் தோன்றும் பொருள். தேறி வருகிறார் என்று சொல்ல ‘ஹெட் காட் பேட்டர் மெட் ஹெம்’ என்ற தொடர் உண்டு. மருத்துவமனையில் உறவினருக்காக மொழிபெயர்ப்பவர் இவ்விரண்டையும் மாற்றிச் சொன்னால், வீட்டாரின் நம்பிக்கையும் மருத்துவர் அடுத்துக் கேட்கும் கேள்வியும் தவறான வழியில் போகும்.

‘அல்ஸ்’ – ‘டான்’ சிக்கல்

உயர்வுநிலைக்குப் பின் டச்சில் ‘டான்’ வர வேண்டும் என்பது பள்ளிகளில் கற்பிக்கப்படும் விதி: ‘க்ரோட்டர் டான்’ (அதைவிடப் பெரிய). சமநிலைக்குப் பின் ‘அல்ஸ்’: ‘ஏவன் க்ரோட் அல்ஸ்’. விதி எளிமையானது. ஆனாலும் டச்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுள் மிகப் பலர் அன்றாடப் பேச்சில் ‘க்ரோட்டர் அல்ஸ்’ என்றே சொல்கிறார்கள்.

இது புதிதாக வந்த பிழை அன்று. உயர்வுநிலைக்குப் பின் ‘டான்’ வருவது பழைய வழக்கு. ஏறத்தாழ 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ‘அல்ஸ்’ அந்த இடத்தில் பரவத் தொடங்கியது. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் இலக்கணத்தார் இரண்டையும் பிரித்து, சமநிலைக்கு ஒன்று, உயர்வுநிலைக்கு ஒன்று என்று வரையறுத்தனர். அண்டை மொழியான செருமனில் ‘அல்ஸ்’ உயர்வுநிலைக்கே உரிய பொது வழக்காக நிலைபெற்றது. சமநிலைக்கு ‘வீ’ என்ற வேறு சொல் வந்தது. ஒரே சொல் ஒரு மொழியில் செம்மை வழக்காகவும், பக்கத்து மொழியில் பிழை எனப்படுவதாகவும் நிற்கிறது. ஆகவே இது மொழியின் இயல்பான போக்கோடு தொடர்புடைய செய்தி. பேசுபவரின் அறிவுக் குறைவல்ல.

ஆனால் சமூகம் அப்படிப் பார்ப்பதில்லை. ‘க்ரோட்டர் அல்ஸ்’ என்று எழுதுபவரைக் கல்வி குறைந்தவர் என எடைபோடும் பழக்கம் டச்சு பேசுவோரிடையே வலுவாக உள்ளது. வேலைக்கான விண்ணப்பக் கடிதத்திலோ கல்லூரிக் கட்டுரையிலோ இது உடனே கண்ணில் படும். பேச்சில் கேட்டதை அப்படியே எழுதும் புதியவர், தாம் கற்றுக்கொண்டதற்கே தண்டனை பெறுகிறார். எனவே கற்போர் இரண்டையும் புரிந்துகொண்டு, எழுத்தில் ‘டான்’ என்பதையே கையாள்வது நல்லது.

இந்த அச்சம் எதிர்ப்பக்கமும் தள்ளும். ‘அல்ஸ்’ என்றாலே பிழை என்று எண்ணிச் சிலர் ‘ஏவன் க்ரோட் டான்’, ‘ட்வே கேர் ஸோ க்ரோட் டான்’ என்று எழுதிவிடுகிறார்கள். இவை செம்மை வழக்கில் பிழையானவை. சொல்லில் உயர்வுநிலை விகுதி உண்டா என்று பார்ப்பதே எளிய சோதனை. விகுதி இருந்தால் ‘டான்’. ‘ஸோ’, ‘ஏவன்’ இருந்தால் ‘அல்ஸ்’. விகுதிபோல ஒலிக்காவிட்டாலும் ‘அன்டர்ஸ்’ (வேறான) என்ற சொல்லுக்குப் பின் ‘டான்’ வரும். ‘ஹெட்ஸெல்ஃப்டெ’ (அதே) என்ற சொல்லுக்குப் பின் ‘அல்ஸ்’ வரும்.

‘டான்’ என்பதற்குப் பின் வரும் பெயர்ச்சொல்லின் வடிவமும் பொருளை மாற்றும். ‘ஸை கென்ட் ஹெம் பேட்டர் டான் இக்’ என்றால், அவனை நான் அறிந்ததைவிட அவள் நன்கு அறிவாள். ‘… டான் மை’ என்றால், அவள் என்னை அறிந்ததைவிட அவனை நன்கு அறிவாள். ‘என்னைவிட அவனை அவளுக்கு நன்றாகத் தெரியும்’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது. ஆங்கிலப் பேச்சில் ‘தேன் மீ’ என்பதும் அப்படியே. டச்சில் எழுதுபவர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

மடங்குகள்

எண்களோடு வரும் ஒப்பீட்டில் பிழை நேர்ந்தால் அது பணத்தையோ மருந்தின் அளவையோ தொடும். ‘ட்வைஸ் ஆஸ் பிக் ஆஸ்’ (இரு மடங்கு பெரிய) என்பது ‘ட்வே கேர் ஸோ க்ரோட் அல்ஸ்’. ‘த்ரீ டைம்ஸ் பிக்கர்’ என்ற ஆங்கிலத் தொடரைப் பெரும்பாலோர் மும்மடங்கு என்றே கொள்கின்றனர். கணக்காகப் பார்ப்பவர், மூல அளவோடு மூன்று மடங்கு கூடி நான்கு மடங்கு என்றும் வாதிடலாம். இதை அப்படியே டச்சில் ‘ட்ரீ கேர் க்ரோட்டர் டான்’ என்று மாற்றினால் குழப்பமும் கூடவே போகும். ‘ட்ரீ கேர் ஸோ க்ரோட் அல்ஸ்’ என்றால் ஐயமில்லை: 100 யூரோ விலையுள்ளதன் மும்மடங்கு 300 யூரோ.

‘ஹாஃப் ஆஸ் மச்’ என்பது பாதி அளவு. டச்சில் ‘டெ ஹெல்ஃப்ட்’ அல்லது ‘ஹல்ஃப் ஸோ வேல்’. ஆனால் ‘ஹாஃப் ஆஸ் மச் அகெய்ன்’ என்பது ஒன்றரை மடங்கு. அதற்கு ‘அன்டர்ஹல்ஃப் கேர் ஸோ வேல்’. கடைசிச் சொல் ஒன்றை விட்டுவிட்டால் 150 என்பது 50 ஆகிவிடும்.

இணை ஏற்றமும் தொடர் ஏற்றமும்

‘த சூனர் த பெட்டர்’ போன்ற ஆங்கிலத் தொடரில் ‘த’ இருமுறை வருகிறது. டச்சில் அந்த இடத்தில் ‘ஹூ … ஹூ’ வரும்: ‘ஹூ ஏர்டர், ஹூ பேட்டர்’. எழுத்து வழக்கில் இரண்டாம் உறுப்பாக ‘டெஸ் டெ’ என்பதும் உண்டு. தமிழின் ‘எவ்வளவு … அவ்வளவு’ இதற்கு நேர். ‘த மோர் த மெரியர்’ (ஆள் கூடக் கூட மகிழ்ச்சி) என்பதற்கு டச்சில் நிலைத்த தொடர் ‘ஹூ மேர் ஸீலன், ஹூ மேர் வ்ரோக்ட்’. அதாவது, எவ்வளவு உயிர்களோ அவ்வளவு மகிழ்ச்சி.

‘மோர் அண்ட் மோர்’, ‘பெட்டர் அண்ட் பெட்டர்’ என்று ஆங்கிலம் சொல்லை இரட்டிக்கும். டச்சில் ‘ஸ்டேட்ஸ்’ (தொடர்ந்து) என்ற சொல்லை முன்னால் வைத்தால் போதும்: ஸ்டேட்ஸ் மேர், ஸ்டேட்ஸ் பேட்டர்.

மிகைநிலை

‘எல்லாவற்றிலும் பெரிய’ என்ற பொருளுக்கு டச்சில் ‘ஸ்ட்’ விகுதி வரும்: க்ரோட்ஸ்ட், க்ளைன்ஸ்ட். இங்கும் நெடுஞ்சொற்கள் பொதுவாக விகுதியே பெறும். சொல்லின் இறுதியிலேயே ‘ஸ்ட்’ ஒலி இருந்தால் ‘மேஸ்ட்’ என்ற சொல் உதவிக்கு வரும். ‘யவ்ஸ்ட்’ (சரியான) என்ற சொல் அத்தகையது.

ஆங்கிலத்தோடு மாறுபடும் இடங்கள் இரண்டு. இருவரை மட்டும் ஒப்பிடும்போது ஆங்கில இலக்கணம் ‘த ஓல்டர் ஆஃப் த டூ’ என்று உயர்வுநிலையைக் கேட்கும். டச்சில் ‘டெ அவ்ட்ஸ்டெ வான் டெ ட்வே’ என்று மிகைநிலையே இயல்பு. ‘மோஸ்ட் பீப்பிள்’ (பெரும்பாலோர்) என்ற தொடருக்கு ஆங்கிலத்தில் சுட்டுச்சொல் தேவையில்லை. டச்சில் ‘டெ மேஸ்டெ மென்சன்’ என்று ‘டெ’ கட்டாயம்.

உவமைத் தொடர்கள்

இலக்கணம் சரியாக இருந்தாலும் உவமை சரியாக அமையாவிட்டால் டச்சுக் காதுக்கு அந்நியமாகவே ஒலிக்கும். சில உவமைகள் இரு மொழிக்கும் பொது: மயில்போல் செருக்கு, நரிபோல் தந்திரம். பல மாறுபடும்.

- வலிமைக்கு ஆங்கிலத்தில் எருது. டச்சில் கரடி (ஸோ ஸ்டெர்க் அல்ஸ் அன் பேர்).
- செவிட்டுத் தன்மைக்கு ஆங்கிலத்தில் கம்பம்; டச்சில் காடை (ஸோ டோஃப் அல்ஸ் அன் க்வார்ட்டல்).
- உடல்நலத்துக்கு ஆங்கிலத்தில் பிடில். டச்சில் மீன் (ஸோ கெஸோன்ட் அல்ஸ் அன் விஸ்).
- உயிரற்ற நிலைக்கு ஆங்கிலத்தில் கதவு ஆணி. டச்சில் மண்புழு (ஸோ டோட் அல்ஸ் அன் பீர்).
- பழமைக்கு ஆங்கிலத்தில் மலைகள். டச்சில் ரோம் நகருக்குச் செல்லும் வழி.
- ஒரே சாயலுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பட்டாணி. டச்சில் இரண்டு நீர்த்துளி.

பல உவமைகளை டச்சு ஒரே கூட்டுச் சொல்லாகச் சுருக்கிவிடும். ஸ்னேவிட் (பனிவெண்மை), மவ்ஸ்டில் (எலிபோல் அமைதி), குர்க்ட்ரோக் (தக்கைபோல் உலர்ந்த) ஆகியவை இவ்வகையின. உலர்வுக்கு ஆங்கிலம் எலும்பைச் சொல்லும். மிக விலை உயர்ந்ததற்கு ‘பேப்பர்ட்யூர்’ என்பர். சொற்பொருள் ‘மிளகு விலை’. மிளகு அரும்பொருளாக இருந்த காலத்தின் தடம் இச்சொல்லில் உள்ளது. ‘ஸ்டேன்ரைக்’ (கல்போல் செல்வம்) என்றால் பெரும் பணக்காரர். ஆங்கிலத்தில் ‘ஸ்டோனி ப்ரோக்’ என்றால் கையில் காசில்லாதவர். ஒரே கல், நேரெதிர்ப் பொருள். இக்கூட்டுச் சொற்கள் ஏற்கனவே உச்சத்தைக் குறிப்பதால் உயர்வுநிலை விகுதி பெறுவதில்லை.

நிலைத்த தொடர்களும் பழமொழிகளும்

- பெட்டர் லேட் தேன் நெவர் (வராமலே போவதைவிடத் தாமதம் மேல்): பேட்டர் லாட் டான் நோய்ட். சொல்லுக்குச் சொல் பொருந்தும்.
- ஈசியர் செட் தேன் டன் (சொல்வது எளிது, செய்வது அரிது): மக்கலெக்கர் கெஸெக்ட் டான் கெடான். இதுவும் பொருந்தும்.
- மோர் ஆர் லெஸ் (ஏறக்குறைய): மின் ஒஃப் மேர். வரிசை தலைகீழ்.
- சூனர் ஆர் லேட்டர் (என்றாவது ஒருநாள்): வ்ரூக் ஒஃப் லாட். உயர்வுநிலையே இல்லை; ‘முன்போ பின்போ’ என்ற இயல்புநிலைச் சொற்கள்.
- கையில் உள்ள ஒரு பறவை, புதரில் உள்ள இரண்டுக்குச் சமம் என்பது ஆங்கிலப் பழமொழி. டச்சில் கையில் ஒன்று, வானில் பத்தைவிட மேல்.
- ரொட்டியே இல்லாததைவிடப் பாதி ரொட்டி மேல் என்பது ஆங்கிலம். டச்சில் வெறும் ஓட்டைவிடப் பாதி முட்டை மேல் (பேட்டர் அன் ஹல்ஃப் ஐ டான் அன் லேகெ டொப்).
- ஒரு தலையைவிட இரண்டு தலை மேல் என்பது ஆங்கிலம். டச்சில் ‘ஒருவரைவிட இருவருக்கு அதிகம் தெரியும்’ (ட்வே வேட்டன் மேர் டான் ஏன்).

பெயர்ப்பவர் பின்பற்றத்தக்க வரிசை

முதலில், தொடர் உண்மையிலேயே ஒப்பீடுதானா என்று பார்க்க வேண்டும். ‘நொக்’, ‘ஸோட்ரா’, ‘ஸோலாங்’ போன்றவை இங்கேயே பிரிந்துவிடும். அடுத்து, சமநிலையா உயர்வுநிலையா என்று முடிவு செய்தால் ‘அல்ஸ்’, ‘டான்’ என்ற தேர்வு தானே அமையும். மூன்றாவதாக, எண் இருந்தால் கணக்கிட்டுப் பார்த்து ‘கேர் ஸோ’ வடிவில் எழுத வேண்டும். இறுதியாக, அது நிலைத்த தொடரா என்று அகராதியில் தேட வேண்டும்; நிலைத்த தொடராயின் சொற்களை விட்டுவிட்டு முழுத் தொடரையும் மாற்ற வேண்டும்.

இந்த வரிசையில் தமிழ் அறிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் மறைந்திருக்கும் ‘இன்னும்’ – ‘அதிகம்’, ‘ஆக’ – ‘போல’ ஆகிய வேறுபாடுகளைத் தமிழ் தனித்தனிச் சொற்களால் காட்டுகிறது. ஆங்கிலத் தொடரை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு டச்சுக்குச் செல்பவர், நேரே செல்பவரைவிடக் குறைவாகவே தடுக்கி விழுவார்.